இருபது மில்லிமீட்டர் அதிர்ஷ்டம்

தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் பக்கத்துக் கரிசல் மண்ணில் புரட்டாசி பிறந்ததும் காய்ந்த புழுதியிலேயே விதையைப் போட்டு மூடிவிடுவார்கள். வானத்தில் பொட்டு மேகம் இருக்காது. வெளியூர்க்காரர் பார்த்தால் இது சூதாட்டம் என்பார். உள்ளூரிலும் "மானாவாரின்னாலே லாட்டரிதான்" என்று, மழையை மட்டும் நம்பிய இந்த விவசாயத்தைச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. (நிஜ லாட்டரியைத் தமிழ்நாட்டில் 2003-லேயே தடை செய்துவிட்டார்கள். இதற்குத் தடையில்லை.)

ஆனால் லாட்டரிச் சீட்டு வாங்கியவருக்கு அதன்பிறகு வேலை ஒன்றும் இல்லை. மானாவாரிக்காரருக்கு நிறைய உண்டு. மழை என்றைக்கு வரும், எவ்வளவு வரும் என்பது அவர் கையில் இல்லை. எந்த மழைக்கு விதை முளைக்க வேண்டும், எந்த மழைக்கு முளைக்காமல் கிடக்க வேண்டும், மழை ஏமாற்றினால் எவ்வளவோடு நட்டம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது. வாழ்க்கையில் அதிர்ஷ்டமா, திட்டமா என்று பொதுவாக வாதாடுவதைவிட, இந்த இரண்டும் ஒரே வயலில் எங்கே சந்திக்கின்றன என்று பார்ப்பது உருப்படியான வேலை.

முதலில் மழையின் குணம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டின் சராசரி மழை ஏறக்குறைய 44 சென்டிமீட்டர். இந்தச் சராசரியை நம்பி யாரும் விதைக்க முடியாது. 2015-ல் சராசரியைவிட 53 சதவீதம் கூடுதல், அடுத்த ஆண்டே 62 சதவீதம் குறைவு. எல் நினோ ஆண்டில் (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டு) வடகிழக்குப் பருவமழை கூடும், லா நினா ஆண்டில் (அது குளிரும் ஆண்டு) குறையும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. 2015, 2016 இரண்டுக்கும் அது பொருந்தியது. 2021-ம் லா நினா ஆண்டுதான். அந்தப் பருவத்தில் 59 சதவீதம் அதிகமாகக் கொட்டியது. ஆகவே பருவக் கணிப்பைப் பார்த்து "இந்த வருசம் மொத்தப் புஞ்சையிலும் மக்காச்சோளம்" என்று இறங்குவது சரியல்ல. கால் பங்கு நிலத்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ள அது உதவும், அவ்வளவுதான்.

சராசரிக்குப் பதிலாகத் தெரிந்துகொள்ள வேண்டியது நம்பக மழை. கணக்கு எளிது. உங்கள் வயலுக்குப் பக்கத்து மழைமானியின் 20 ஆண்டுப் பருவமழை அளவை எடுத்து, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். பதினைந்தாவதாக நிற்கும் எண்தான் நான்கில் மூன்று ஆண்டுகளில் கிடைக்கக்கூடிய மழை. பயிரையும் ரகத்தையும் அந்த எண்ணுக்குத்தான் தேர்வு செய்ய வேண்டும். சராசரிக்குப் பயிர் வைத்தால் பாதி ஆண்டுகளில் தண்ணீர் பற்றாது. இதே கணக்கை வாரவாரியாகவும் போடலாம்: அக்டோபர் இரண்டாம் வாரத்தில் 20 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது இருபதில் எத்தனை ஆண்டு, மூன்றாம் வாரத்தில் எத்தனை ஆண்டு என்று. விதைப்புத் தேதியை முடிவு செய்ய இதுவே போதும்.

தாலுகா மழைமானி பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். கரிசலில் மழை ஓடையைத் தாண்டினால் மாறும். வயலிலேயே ஒரு மானி வையுங்கள். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, பக்கம் நேராக இருக்கும் எந்த டப்பாவும் போதும். பக்கத்தில் மரம் இருந்தால் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி, திறந்த வெளியில், ஆடாமல் நட்டுவைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு அளவுகோலை விட்டு ஆழத்தைப் பார்த்து எழுதிவிட்டுக் கொட்டிவிட வேண்டும். வானிலைத் துறையும் எட்டரையிலிருந்து எட்டரை வரைதான் ஒரு நாளாகக் கணக்கிடுகிறது. 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதை மழை நாளாக எண்ணுவதில்லை. ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு ஏக்கருக்கு 4,047 லிட்டர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர் வந்து இறங்கியதாக அர்த்தம். "நல்ல மழைப்பா" என்ற பேச்சு இப்படி எண்ணாக மாறினால்தான் அடுத்த முடிவு எடுக்க முடியும்.

விதையின் ஆழம்

மானாவாரித் திட்டத்தின் உயிர்நாடி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் விதை போடும் ஆழத்தைத்தான் சொல்வேன். சோளத்தைப் புழுதியில் போடும்போது 5 சென்டிமீட்டர் ஆழம். அது ஏன் என்று பலரும் கேட்பதில்லை. தாத்தா காலத்து வழக்கம் என்று விட்டுவிடுகிறார்கள். காய்ந்த கரிசலில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் மேலே சுமார் 3 சென்டிமீட்டர்தான் நனையும். விதை அதற்கும் கீழே கிடப்பதால் அது உறங்கிக்கொண்டே இருக்கும். 20, 25 மில்லிமீட்டர் பெய்தால் ஈரம் ஆறேழு சென்டிமீட்டர் இறங்கும். அப்போதுதான் விதை விழிக்கும். அந்த அளவு ஈரம் இருந்தால் முளைத்த குருத்து அடுத்த மழை வரும்வரை ஒரு வாரம், பத்து நாள் தாக்குப்பிடிக்கும்.

அதாவது, 5 சென்டிமீட்டர் மண் ஒரு நிபந்தனை. சின்னத் தூறலை நம்பி விதை ஏமாறக்கூடாது என்பதை நாமே விதைக்குச் சொல்லிவிட்டு வருகிறோம். இரண்டு சென்டிமீட்டரில் போட்டால் புரட்டாசித் தூறலுக்கே முளைத்து, நாலு நாள் வெயிலில் கருகிப்போகும்; அதைத்தான் "மழை ஏமாத்திருச்சு" என்கிறோம். எட்டு சென்டிமீட்டரில் போட்டால் நல்ல மழைக்கும் குருத்து மண்ணைக் கிழித்து வரத் திணறும், மேலே இறுகிப்போனால் உள்ளேயே சுருண்டுவிடும்.

இங்கேதான் கொத்துக் கலப்பை விதைப்பின் சிக்கல். கையால் வீசிவிட்டு ஒன்பது கொத்துள்ள கலப்பையை ஓட்டி மூடும்போது ஒரு விதை ஒன்றரை சென்டிமீட்டரில் கிடக்கும், பக்கத்து விதை ஏழில் கிடக்கும். இதையும் ஒருவகைப் பாதுகாப்பு என்று வாதிடுவோர் உண்டு: எந்த மழை வந்தாலும் கொஞ்சம் முளைக்கும். உண்மைதான். ஆனால் எந்த மழைக்கும் முழுதாக முளைக்காது. வயல் முழுக்க வயது மாறிய செடிகள் நிற்கும், களையெடுப்பும் அறுவடையும் இழுபடும். டிராக்டர் விதைப்புக் கருவி கிடைத்தால் அதில் ஆழத்தை 5-ல் பூட்டி ஓட்டுவதே நல்லது. முதல் நாலு சாலில் மண்ணைக் கையால் விலக்கி, அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டு மற்றதை ஓட்டுங்கள். புழுதி ஆழமாக இருந்தால் கருவி தானாகவே அமுங்கி ஓடும்.

அளவுக்கு வருவோம். மானாவாரிச் சோளத்துக்கு ஏக்கருக்கு 6 கிலோ விதை, இடைவெளி 45-க்கு 15 சென்டிமீட்டர். இந்த இடைவெளியில் ஒரு ஏக்கருக்கு நிற்க வேண்டிய செடி 60,000. ஒரு கிலோவில் சுமார் 35,000 விதை என்று வைத்தால் 6 கிலோவில் இரண்டு லட்சத்துக்கு மேல் வருகிறது. மீதமெல்லாம் எறும்புக்கும், மயிலுக்கும், முளைக்காமல் போவதற்கும் விட்ட கழிவு. விதையின் முளைப்புத்திறன் குறைந்தபட்சம் 75 சதவீதம் இருக்க வேண்டும். நனைத்த சாக்கில் நூறு விதையை வரிசையாக வைத்துச் சுருட்டி, ஈரம் காயாமல் வைத்திருந்து, ஒரு வாரத்தில் எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். 60-தான் முளைக்கிறது என்றால் விதையைக் கூட்டிப் போடாதீர்கள். வேறு விதை தேடுங்கள். முளைப்பு குறைந்த விதையில் முளைப்பதும் நோஞ்சானாகவே வரும், வறட்சிக்கு முதலில் சாவது அதுதான்.

வறட்சியைத் தாங்கும்படி விதையைக் கடினப்படுத்துவது இன்னொரு மலிவான ஏற்பாடு. பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் லிட்டருக்கு 20 கிராம் கரைத்து, சோள விதையை 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, பழைய ஈரப்பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். "பழைய ஈரப்பதம்" என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. ஊறவைக்கும் முன் எடை போட்டு வையுங்கள். காய்ந்து அதே எடைக்கு வந்தால் சரி. இதில் நடக்கும் தவறு இரண்டு. ராத்திரி ஊறப்போட்டுவிட்டுக் காலையில் எடுப்பார்கள். அதற்குள் முளைமுனை எட்டிப்பார்த்திருக்கும், உலர்த்தினால் செத்துவிடும். அல்லது வெயிலில் காயவைப்பார்கள். முளைப்புத்திறன் அங்கேயே போய்விடும்.

புழுதி விதைப்புக்குச் சோளம் என்றால் செப்டம்பர் இரண்டாம், மூன்றாம் வாரம். இவ்வளவு முன்னதாகப் போடுவதற்கு இன்னொரு காரணம் குருத்து ஈ. முளைத்து ஒரு மாதம் வரைதான் அது சோளத்தைத் தாக்கும். பருவத்தின் முதல் மழையிலேயே முளைத்த பயிர், ஈ பெருகுவதற்குள் அந்த வயதைக் கடந்துவிடும். மழைக்குப் பிறகு விதைத்துப் பின்தங்கிய வயலில் நடுக்குருத்து காய்ந்து நிற்பதைப் பார்க்கலாம். பிடித்து இழுத்தால் சுலபமாகக் கையோடு வரும், அடியில் அழுகிய நாற்றம் அடிக்கும். அந்த வயல்காரர் தன் துரதிர்ஷ்டம் என்பார். அதில் பாதி, தேதி செய்த வேலை.

"மழை பெய்யட்டும், பதம் பார்த்து விதைக்கலாம்" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கரிசல் நனைந்தால் மூன்று நாலு நாளைக்கு மாடும் இறங்க முடியாது, டிராக்டரும் இறங்க முடியாது. பிறகு பதம் கிடைப்பது சில நாள்தான். அதற்குள் ஊர் முழுக்க ஒரே டிராக்டருக்குக் காத்திருக்கும். இடையில் இன்னொரு மழை விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. அதனால் எல்லாவற்றையும் ஒரே பக்கம் வைக்காமல், பாதி நிலத்தில் சோளம் அல்லது பருத்தியைப் புழுதியில் போட்டுவிட்டு, மீதியை மழைக்குப் பின் உளுந்து, பாசிப்பயறுக்கு வைப்பது என் பார்வையில் சரியான பங்கீடு. மானாவாரி உளுந்துக்கு ஏக்கருக்கு 8 கிலோ, 30-க்கு 10 சென்டிமீட்டர். விதையில் மூன்றில் ஒரு பங்கை வீட்டில் வைத்திருங்கள். முதல் விதைப்பு தவறினால் அந்த வாரம் கடையில் விதையும் இருக்காது, இருந்தாலும் வழக்கமான விலைக்குக் கிடைக்காது.

மழை தள்ளிப்போனால் என்ன செய்வது என்பதை ஆவணியிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். ஐப்பசியில் பதற்றத்தோடு எடுக்கும் முடிவு பெரும்பாலும் கடைக்காரர் எடுக்கும் முடிவாக இருக்கும். கரிசலுக்கு என் வரிசை இது: நவம்பர் முதல் வாரம் வரை உளுந்து, பாசி, மக்காச்சோளம் விதைக்கலாம். அதைத் தாண்டினால் மக்காச்சோளத்தைத் தொடக்கூடாது, ஏனென்றால் பூவெடுக்கும்போது பருவம் முடிந்திருக்கும். ஆண் பூ, பட்டு நூல் வரும் காலத்துக்கு முன்பின் பத்து நாள் வறண்டால் கதிரில் மணி பிடிக்காது. நவம்பர் பாதிக்கு மேல் என்றால் மண்ணில் தேங்கிய ஈரத்தையும் பனியையும் வைத்தே வரக்கூடிய கொத்தமல்லி, கொண்டைக்கடலை. அதற்கும் ஈரம் இல்லை என்றால் தரிசாகப் போட்டுவிட வேண்டும். தரிசு போடுவதைப் பலரும் தோல்வி என்று நினைக்கிறார்கள். விதைக்காத வயலில் விதைச் செலவும் உரச் செலவும் கூலியும் மிச்சம். அந்தப் பணம் அடுத்த புரட்டாசிக்கு இருக்கும்.

இடைக்கால வறட்சி

முளைத்த பிறகு அதிர்ஷ்டம் இன்னொரு முறை வாசலுக்கு வரும். முதல் மழைக்கும் இரண்டாவது மழைக்கும் நடுவே இருபது நாள் இடைவெளி விழுவது இங்கே சாதாரணம். அப்போது செய்யக்கூடியவை சில. முதலில் களை. முளைத்த இருபதாம் நாள், இருபத்தைந்தாம் நாளுக்குள் களை எடுத்துவிட்டால் மண்ணில் இருக்கும் ஈரம் பயிருக்கு மட்டும். இடை உழவு போட்டு மேல் மண்ணைப் புழுதியாக்கினால் வெடிப்பு மூடும். ஈரம் ஆவியாவது குறையும். வெடிப்பு விட்ட கரிசலில் ஈரம் மேலே மட்டுமல்ல, பக்கவாட்டிலும் ஆழத்திலிருந்தும் போகும்.

அதற்கும் மழை இல்லையென்றால் செடியைக் குறைக்க வேண்டும். மனசு வராது, ஆனாலும் செய்ய வேண்டும். இருக்கும் ஈரம் 60,000 செடிக்குப் பற்றாது, 40,000 செடிக்குப் பற்றும் என்றால், மூன்று வரிசைக்கு ஒரு வரிசையை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடுவதுதான் கணக்கு. இளஞ்சோளத்தில், அதிலும் வாடி நிற்கும் இளஞ்சோளத்தில், ஹைட்ரஜன் சயனைடு நச்சு இருக்கும். பச்சையாக அப்படியே போட்டால் மாடு சாகும். நன்றாக உலர்த்திப் பிறகு கொடுங்கள்.

தெளிப்புகளில் பொட்டாசியம் குளோரைடு லிட்டருக்கு 10 கிராம் வீதம் வாட்டத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும். பயறு வகைக்கு 2 சதவீத டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட் உரம்), பூக்கும்போது ஒரு முறை, பதினைந்து நாள் கழித்து ஒரு முறை. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீருக்கு 4 கிலோ டிஏபி. முந்தின நாளே ஊறவைத்து, தெளிந்த மேல்நீரை வடிகட்டி எடுக்காவிட்டால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொண்டு பாதி நாள் போய்விடும். வெயில் ஏறிய பிறகு அடித்தால் இலை கருகும். இந்தத் தெளிப்பு எதுவும் மழைக்கு மாற்று இல்லை; சில நாள் தவணை வாங்கிக் கொடுக்கும், அவ்வளவே.

உரத்திலும் இதே புத்தி வேண்டும். மானாவாரிச் சோளத்துக்கு ஏக்கருக்கு 16 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 8 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்) என்பது பரிந்துரை. மணிச்சத்தை விதைப்போடு கொடுத்துவிட்டு, தழைச்சத்தில் பாதியையாவது கையில் வைத்திருந்து, மழை நிலைத்த பின் மேலுரமாகப் போடுங்கள். மழை வரவில்லையா, யூரியா மூட்டை வீட்டில் பத்திரமாக இருக்கும். தெரியாத காலத்துக்கு முதலீட்டைத் தவணை தவணையாக இறக்குவது வியாபாரிகளுக்குப் பழகிய விஷயம், விவசாயத்தில்தான் எல்லாவற்றையும் முதல் நாளே மண்ணில் கொட்டுகிறோம்.

பண்ணைக்குட்டை வெட்டுவதானால் அளவைச் சரியாகப் புரிந்துகொண்டு வெட்ட வேண்டும். 10-க்கு 10 மீட்டர், 2 மீட்டர் ஆழம் என்றால் 200 கனமீட்டர், அதாவது இரண்டு லட்சம் லிட்டர். ஒரு ஏக்கருக்குப் பரப்பினால் 49 மில்லிமீட்டர். கரை சரிவாக வெட்டினால் கொள்ளளவு இதைவிடக் கணிசமாகக் குறையும்; தினமும் நாலைந்து மில்லிமீட்டர் ஆவியாகும். ஆக, ஒரு ஏக்கருக்கு ஒரே ஒரு உயிர்த்தண்ணீர், அதுவும் பூக்கும் தறுவாயில். ஐந்து ஏக்கருக்கும் பாய்ச்ச நினைத்தால் எதற்கும் பற்றாது.

மழை கூடினாலும் கேடுதான். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழையைவிட அது அதிகம். அந்த அளவுக்கு எந்த வரப்பும் நிற்காது. ஆனால் 10 சென்டிமீட்டர் மழைக்கு வயல் தாங்க வேண்டும். ஈரம் பிடித்த கரிசல் மேற்கொண்டு தண்ணீரை உள்வாங்காது. ஆகவே மழையைத் தேக்க வரப்புப் போடும் அதே கையோடு, தாழ்ந்த மூலையில் கல் பாவிய வடிகால் ஒன்றும் வைக்க வேண்டும். உளுந்து இரண்டு நாள் தண்ணீரில் நின்றால் மஞ்சளாகிவிடும். வறட்சிக்காட்டில் வடிகால் எதற்கு என்று கேட்பவர் வயலில்தான் வரப்பு உடைந்து மண்ணும் சேர்ந்து போகும்.

பணத்தில் இருக்கும் பொறி

வயல் வேலையில் கெட்டிக்காரர்கள்கூடத் தடுக்கி விழும் இடம் இது. எண்ணை வைத்துப் பார்ப்போம். எல்லாம் அனுமானம், உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏக்கருக்குச் செலவு 12,000. நல்ல வருடத்தில் வரவு 30,000, பொய்த்த வருடத்தில் 5,000. ஐந்தில் மூன்று வருடம் நல்லது. சராசரி வரவு 20,000, செலவு போக 8,000 மிச்சம். காகிதத்தில் அருமையான தொழில்.

ஆனால் வருடங்கள் சராசரியாக வருவதில்லை, ஒவ்வொன்றாக வருகின்றன. ஒரு வருடத்துக்கும் அடுத்ததற்கும் தொடர்பில்லை என்று கொண்டால், பத்து வருடத்தில் ஒரு முறையாவது அடுத்தடுத்து இரண்டு வருடம் பொய்ப்பதற்கான வாய்ப்பு 71 சதவீதம். அதாவது, அது விபத்தல்ல, வரத்தான் போகிறது. முதல் வருடம் 7,000 நட்டம். அதை மூடக் கந்துவட்டிக்கு வாங்கினால், இரண்டாவது வருடமும் பொய்க்கும்போது வட்டியே ஒரு நல்ல வருடத்தின் மிச்சத்தைத் தின்றுவிடும். மூன்றாவது வருடம் மழை கொட்டும், விதைக்கத்தான் காசிருக்காது. மானாவாரியில் குடும்பங்கள் நொடிப்பது ஒரு கெட்ட வருடத்தால் அல்ல. கெட்ட வருடத்துக்குப் பின் வந்த நல்ல வருடத்தில் விதைக்க முடியாமல் போவதால்.

எனவே இரண்டு வருட விதைப்புச் செலவு, பணமாகவோ விதையாகவோ ஆடாகவோ, தனியாக இருக்க வேண்டும். மேலே சொன்ன எண்ணில் ஏக்கருக்கு 24,000. அது சேரும்வரை நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் விதையுங்கள், குத்தகைக்குக் கூடுதல் நிலம் எடுக்காதீர்கள். கடன் தேவை என்றால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன்; தவணைக்குள் கட்டினால் வட்டியில்லை. ஒரு நாள் தாண்டினாலும் அந்தச் சலுகை போய்விடும், ஆகவே தவணைத் தேதியை அறுவடைத் தேதியோடு சேர்த்தே எழுதி வையுங்கள்.

சோளத்தை நான் விடாமல் பரிந்துரைப்பதற்குக் காரணமும் இதுதான். பொய்த்த வருடத்தில் கதிர் வராவிட்டாலும் தட்டை, அதாவது தண்டும் இலையும், தீவனமாக நிற்கும். அந்த வருடம் ஊரெங்கும் தீவனம் இருக்காது, தட்டை விலை ஏறும். மணியில் விட்டதில் ஒரு பகுதி தட்டையில் திரும்பும். மக்காச்சோளம் நல்ல வருடத்தில் இதைவிட அதிகம் கொடுக்கும், மறுக்கவில்லை. கெட்ட வருடத்தில் அதன் தட்டைக்குச் சோளத்தட்டையின் மதிப்பு கிடையாது. போதாக்குறைக்குப் படைப்புழு மருந்துச் செலவு வேறு.

பயிர்க் காப்பீட்டைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. 2016-ல் வந்த பிரதம மந்திரி திட்டத்தில் உணவுப் பயிருக்கும் எண்ணெய் வித்துக்கும் விவசாயி கட்டுவது, காப்பீட்டுத் தொகையில் காரிஃப் எனும் தென்மேற்குப் பருவத்துக்கு 2 சதவீதம், ராபி எனும் அதற்கடுத்த பருவத்துக்கு 1.5 சதவீதம், பருத்தி போன்ற பணப்பயிருக்கு 5 சதவீதம். இது மலிவுதான். ஆனால் வறட்சி இழப்பை உங்கள் வயலை வைத்துப் பார்ப்பதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமம் அல்லது பிர்காவில் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரி, உத்தரவாத விளைச்சலுக்குக் கீழே போனால்தான் இழப்பீடு. உத்தரவாத விளைச்சல் என்பது கடந்த ஏழு ஆண்டில் சிறந்த ஐந்தின் சராசரியை வைத்து வருவது. உங்கள் ஒருவர் வயல் மட்டும் காய்ந்தால் ஒன்றும் வராது. வயலில் வெள்ளம் தேங்கினால், மாநில அறிவிக்கையில் அந்தப் பிரிவு இருந்தால், 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் அல்லது விதைப்புச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றில் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா, சர்வே எண்ணும் பயிர்ப் பெயரும் சரியா என்று கட்டும் முன்பே பாருங்கள். உளுந்து விதைத்துவிட்டுச் சான்றில் பாசி என்று இருந்தால் அதன்பிறகு யாரிடம் போய் நின்றாலும் வேலைக்காகாது. கடைசித் தேதிவரை காத்திருந்தால் சர்வரும் காத்திருக்க வைக்கும்.

அறுவடை நேரத்து மழை கடைசி ஆட்டம். 2021 ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழை தென்மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற உளுந்து, பாசியைக் கெடுத்தது. நெற்று செடியிலேயே முளைத்தது. முழு வயலும் ஒரே நாளில் முற்றாதபடி வயது வித்தியாசமான இரண்டு ரகம் வைப்பதும், முற்றிய வயலை "இன்னும் ரெண்டு நாள்" என்று விடாமல் அறுப்பதும்தான் இதற்குச் செய்ய முடிந்தது. ஒரு தார்ப்பாய் சொந்தமாக இருக்கட்டும். மழை வரும் அன்றைக்கு இரவல் கிடைக்காது. வேளாண் வானிலை அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் வரும், மேகதூத் செயலியிலும் பார்க்கலாம். அடுத்த ஐந்து நாள் கணிப்பை வைத்து அறுவடையையும் தெளிப்பையும் திட்டமிடலாம்.

விளைச்சல் வந்த பிறகு தீர்ப்பு எழுதுவதில் கவனம் வேண்டும். ஒரு ஏக்கரில் பத்து மூட்டை வந்தால் நம் புத்திசாலித்தனம், இரண்டு மூட்டை வந்தால் மழை மோசம் என்று எழுதிக்கொள்வது எல்லோருக்கும் இயல்பு. ஒரு நோட்டில் ஐந்து விவரம் எழுதுங்கள்: விதைத்த தேதி, முளைத்த தேதி, முளைப்புக்குப் பின் விழுந்த மிக நீண்ட வறட்சி எத்தனை நாள், பூத்த பின் பெய்த மழை எவ்வளவு, ஏக்கருக்கு விளைச்சல் எவ்வளவு. பக்கத்துப் புஞ்சைக்கும் அதே விவரத்தைக் கேட்டு எழுதுங்கள். அவருக்கும் அதே மேகம், அதே மண். அவருக்கும் உங்களுக்கும் விளைச்சலில் பெரிய வித்தியாசம் இருந்தால் அதற்குக் காரணம் மழை அல்ல. விதைத் தேதி, ஆழம், களை, செடி எண்ணிக்கை இவற்றில்தான் தேட வேண்டும். இரண்டு பேருக்கும் ஒன்றுபோல வந்திருந்தால், நல்லதோ கெட்டதோ, அந்த வருடத்தை வைத்து எதையும் மாற்றாதீர்கள். மூன்று பருவக் குறிப்பு சேர்ந்த பிறகு ரகத்தையோ தேதியையோ மாற்றிப் பாருங்கள், அதையும் முதலில் ஒரு ஏக்கரில்.